திண்ணையில் சரளி வரிசை

“பாட்டு சொல்லிக் குடுத்துக் காசு வாங்குற வூடா அது?” என்று ஆயா கேட்டபோது எனக்கு எட்டு வயது. கேட்டது அம்மாவிடம். நாலு வீடு தள்ளியிருந்த ஓர் அக்காவிடம் என்னைப் பாட்டு டியூஷன் சேர்க்க அம்மா முடிவு செய்திருந்தார். ஆயாவுக்குப் பாட்டின் மேல் கோபம் ஒன்றுமில்லை. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. காசுதான் உறுத்தியது. வயசுப்பெண் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து பாட, அதற்கு மாதாமாதம் காசு வருகிறது என்றால் அது எந்த மாதிரி வீடு? அந்தக் கேள்வி ஆயாவுடையது மட்டுமல்ல, அவளைவிட வயதானது என்பது முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டிய காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

அது 1980களின் கடைசி. விழுப்புரம் மாவட்டம் அப்போது இல்லை. 1993 வரை கோட்டக்குப்பம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. தெற்கே எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை. அக்கா வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் முத்தியால்பேட்டைக்குப் போய் ஓர் அம்மாவிடம் பாட்டுக் கற்றுக்கொண்டாள். தபால் நிலைய எழுத்தரின் மூத்த மகள், 19 வயது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசைக்கு ‘லோயர்’, ‘ஹையர்’ என்று இரண்டு படிகள் உண்டு. அக்கா லோயர் முடித்து ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதையும் தாண்டி டி.டி.சி. என்னும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஆகலாம். தான் பாதி வழியில் இருந்தபோதே மாலையில் திண்ணையில் எங்கள் ஐந்து பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மாதம் 15 ரூபாய்.

ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். பாட்டையும் ஆட்டத்தையும் தொழிலாகச் செய்து, அதற்குப் பணமும் நிலமும் பெற்று, தன் பெயரில் வீடு வைத்து வாழ்ந்த பெண்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். தேவதாசி மரபில் வந்தவர்கள். அவர்களது வீடே பள்ளிக்கூடம். பாட்டி பேத்திக்கும், பெரியவள் சின்னவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இவள் இன்னும் மாணவி, இவள் ஆசிரியை என்று அங்கே கோடு கிழித்துப் பார்க்க முடியாது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய் உட்கார்ந்தார்கள். அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும் அந்த வீட்டுச் சங்கீதத்தைக் காதில் வாங்கி வளர்ந்தவர்கள்.

1929இல் வந்த அறநிலையச் சட்டத் திருத்தம் இந்தப் பெண்களின் மானிய நிலத்தைக் கோயில் பணியிலிருந்து விடுவித்தது. 1947இல் பொட்டுக்கட்டுதலே சட்டப்படி குற்றமானது. இதில் நான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பக்கம். அந்த மரபுக்குள்ளேயே பிறந்து, அதன் கொடுமையை அறிந்து, எதிர்த்து நின்றவர் அவர். பெங்களூர் நாகரத்தினம்மா போன்றவர்கள் சட்டத்தை எதிர்த்தபோது தங்கள் கலையையும் சொத்துரிமையையும் முன்வைத்து வாதாடினார்கள். அதையும் கேட்காமல் கடந்துபோக முடியவில்லை. எது எப்படியோ, சட்டம் ஒழித்தது பொட்டுக்கட்டுதலை. பாடிக் காசு வாங்கும் பெண்ணின் மீதிருந்த ஏச்சை அது தொடவில்லை. அந்த ஏச்சு ஊருக்குள் தங்கிவிட்டது, எங்கள் ஆயாவின் நாக்குவரை.

இன்னொரு பக்கம் சங்கீதம் கல்வி ஆகிக்கொண்டிருந்தது. சென்னையில் 1928இல் மியூசிக் அகாடமி, 1931இல் அதன் இசை ஆசிரியர் கல்லூரி, 1932இல் பல்கலைக்கழக இசைத்துறை, 1949இல் அரசின் கர்நாடக இசைக் கல்லூரி. ‘குடும்பப் பெண்’ பாடலாம் என்று ஆனது, ஆனால் எதற்காகப் பாடலாம் என்பதில் தெளிவாக இருந்தார்கள். பெண் பார்க்க வருபவர்கள் முன் ஒரு கீர்த்தனை, நவராத்திரி கொலுவில் ஒன்று, அவ்வளவுதான். டி.கே. பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடுவாராம். வெளியார் முன் பாட அவருக்கு அனுமதி இல்லை. 1919இல் பிறந்த மகள் மேடையேறினார். மேடையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அந்த வீட்டுக்குள் நடந்த வேறொன்று: பட்டம்மாள் தன்னைவிட ஒன்பது வயது இளைய தம்பி ஜெயராமனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்காவிடம் கற்ற அந்தத் தம்பிதான் பின்னாளில் சங்கீத கலாநிதி டி.கே. ஜெயராமன்.

பெண் பிள்ளைகள் இத்தனை பேர் கற்க வேண்டுமென்றால் சொல்லிக்கொடுக்க யார்? பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தால் வகுப்பு முடியும்வரை பெரியவர் ஒருவர் கூடத்தில் காவல் உட்கார வேண்டும். பழைய மரபில் வந்த பெண்களிடம் அனுப்ப மானம் இடம்கொடுக்கவில்லை. (பெரிய பாடகர்கள் மட்டும் அந்த மானத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் போனார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியும் ராம்நாட் கிருஷ்ணனும் பிருந்தாவிடம் பதம் கற்றார்கள்.) மிச்சமிருந்தவள் அதே தெருவில், பாதி படித்துக்கொண்டிருந்த பெண். பக்கத்து வீடு, பாதுகாப்பு, மலிவு. அவள் வாங்கும் காசுக்குக் கணக்குப் பாடத்திலிருந்தும் இங்கிலீஷ் பாடத்திலிருந்தும் ஒரு சொல்லை இரவல் வாங்கினார்கள்: டியூஷன். பாட்டுக்குக் கூலி என்றால் வராத மரியாதை டியூஷன் பீஸ் என்றால் வந்தது. அரசு முத்திரை வைத்த லோயர் சான்றிதழும் அதே வேலையைத்தான் செய்தது. “கவர்மெண்டு பரீட்சை எழுதுன பொண்ணு” என்று அம்மா சொன்னதும் ஆயா அடங்கிப்போனாள்.

ஆகவே அந்தத் திண்ணையைப் பெருமையாக மட்டும் என்னால் நினைக்க முடிவதில்லை. வேறு சில பெண்களை எழுப்பிவிட்ட இடத்தில்தான் எங்கள் அக்கா உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஆனால் சொல்லிக்கொடுப்பதில் அவளிடம் ஒரு நேர்த்தி இருந்தது. கற்றுத் தேர்ந்தவர்களிடம் நான் பின்னால் பார்க்காத நேர்த்தி. புரந்தரதாசர் வகுத்தார் என்று சொல்லப்படும் வரிசைப்படி எல்லாரும் தொடங்குவது மாயாமாளவகௌளை ராகத்தில். ஏன் இந்த ராகம்? ஸ ரி க ம என்று ஏறும் இடைவெளிகள் ப த நி ஸ என்பதில் அப்படியே திரும்ப வரும். முதல் பாதி பிடிபட்டால் மறுபாதி தானாக வரும். இதை அக்கா விளக்கம் சொல்லிப் புரியவைக்கவில்லை. திண்ணைப் படிகளில் நாலு படி ஏறச் சொல்லி, மறுபடி கீழிருந்து அதே நாலு படி ஏறச் சொன்னாள். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நாங்கள் விழுந்தபோது, “நானும் இங்கதான் விழுந்தேன்” என்றாள். போன வருஷம் விழுந்தவளுக்குத்தான் அந்த இடம் ஞாபகமிருக்கும்.

சுருதியும் ஒரு காரணம். ஆண் வாத்தியார் ஒரு கட்டையில் பாடுவார். ஐந்து, ஐந்தரை கட்டையில் பாடும் சிறுமி அவர் குரலை மனதுக்குள் மாற்றிக்கொண்டு பாட வேண்டும். முடியாதபோது தொண்டையை அமுக்கிக்கொண்டு கீழே இறங்குவாள், குரல் கெடும். அக்காவின் சுருதிப்பெட்டி எங்கள் குரல் நிற்கும் இடத்திலேயே நின்றது.

அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி, இன்னொரு திண்ணையும் நடந்துகொண்டிருந்தது. கோட்டக்குப்பம் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். வீட்டில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பெண்கள் உண்டு. ஓதி முடித்த பெரிய பெண் புதிதாக வந்த சின்னதுகளுக்கு அலிஃப், பா, தா என்று தொடங்கிவைப்பாள். எழுத்து பிறக்கும் இடம், நீட்டல், நிறுத்தல், மூச்சு எல்லாம் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்வது. அதை யாரும் இசை என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே ஓதிவிட்டு வருவாள். அவள் மூச்சை என்னைவிட நன்றாகப் பிடிப்பாள் என்று எனக்குப் பொறாமை. அங்கேயும் சொல்லிக்கொடுத்தவள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது.

உலகத்தில் இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வெனிஸ் நகரில் பியெத்தா என்ற அனாதை இல்லம் இருந்தது. விவால்டி 1703 முதல் வயலின் கற்பித்த இடம். அங்கே வளர்ந்த மூத்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து கட்டணம் கட்டி வந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். திருமணமாகி வெளியேறுபவள் இனி மேடையில் பாட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். விவால்டியின் பெயர் நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை படிப்படியாகத் தேர்வு வைத்து, அதில் ஆசிரியர் தரம் என்றே ஒரு படியை வைத்தது. தேர்வெழுதிய பெண்கள் போர்க்காலத்தில் சிதறிப்போன ஊர்களிலெல்லாம் அடுத்த தலைமுறைக்கு முதல் டீச்சர் ஆனார்கள்.

இன்று விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கத்தோடு நாதசுரமும் தவிலும் தேவாரமும் மூன்று வருடப் படிப்பாகக் கற்கலாம். என் கல்லூரி மாணவிகளில் சிலர் மாலையில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து எங்கோ வெளிநாட்டிலிருக்கும் குழந்தைக்கு ஜண்டை வரிசை சொல்லிக்கொடுக்கிறார்கள். எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டால் இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொல்கிறார்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வகுப்பு நின்றது. அலங்காரம் முடிந்து கீதத்தில் இரண்டு ஆகியிருந்தது. ஹையர் தேர்வு எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயதும் இல்லை. தன் பாட்டு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முன்பக்கங்களில் நீல மையில் வரிசைகள், மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. பின்பக்கங்களைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். தலைகீழாகத் திருப்பினால் வரவு செலவு தொடங்குகிறது. மாதாமாதம் ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் 15. அதன் கீழே முத்தியால்பேட்டை அம்மாவுக்குக் கொடுத்தது 60. நாலு பேர் காசு அவள் பாட்டுக்கே போயிருக்கிறது. ஐந்தாவது பிள்ளையின் 15 ரூபாய்க்குக் கோடு போட்டு, பக்கத்தில் ‘எனக்கு’ என்று எழுதியிருக்கிறாள்.

ஐந்தாவது பெயர் என்னுடையது. கடைசி இரண்டு மாதத்துக்கு நேரே ‘பாக்கி’ என்றிருக்கிறது.