இலங்கையின் தொடர்குளங்கள்: புனரமைப்பில் விடுபட்ட சூழல்

முன்னுரை

ஆண்டு மழை 1,750 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெறும் நிலப்பரப்பே இலங்கையின் உலர் வலயம் எனப்படுகிறது. அம்மழையின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள்ளேயே பெய்துவிடுவதால், எஞ்சிய காலத்திற்கு நீரைத் தேக்கிவைக்கும் தேவை அங்குக் குளங்களைத் தோற்றுவித்தது. அவற்றைப் புனரமைத்த வரலாற்றில் நீர் பெற்ற கவனத்தை, அந்நீரைக் காத்த சூழல் பெறவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொடர்குள அமைப்பு

சிங்களத்தில் ‘எல்லங்காவ’ எனப்படும் இவ்வமைப்பில், ஒரு சிறு நீரேந்து பரப்பினுள் குளங்கள் மேலிருந்து கீழாகத் தொடர்கின்றன. மேற்குளத்தின் மிகைநீரும் வயல்களின் வடிநீரும் கீழ்க்குளத்தை அடைவதால் ஒரே நீர் பலமுறை பயன்படுகிறது. 1985-இல் மத்தும பண்டார இதனை இணைந்த ஓர் அமைப்பாக வரையறுத்தார்.

குளத்தைச் சூழ்ந்த உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பணி உண்டு. நீர்ப்பரப்பின் மேற்புறத்திலுள்ள ‘கஸ்கொம்மன’ என்னும் மரச்செறிவு காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கிறது. மருதம் முதலிய மரங்களின் வேரிடுக்குகள் மீன்களுக்கு இனப்பெருக்க இடமாகின்றன. ‘பெரஹன’ என்னும் புல்வெளி, வரும் நீரின் வண்டலை வடிகட்டுகிறது. குளக்கட்டின் கீழுள்ள ‘கட்டகடுவ’ என்னும் தாவரப்பட்டை, கசிநீரின் உப்பு வயலை அடையாமல் தடுக்கிறது.

பராமரிப்பின் முறிவு

1832-இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பிலிருந்து மக்கள் விடுபட்டனர். அதேவேளை, குளப் பராமரிப்பிற்கான கூட்டுழைப்பும் தளர்ந்தது. ஹென்றி வார்ட் ஆளுநராக இருந்தபோது இயற்றப்பட்ட 1856-ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், பழைய வழக்காறுகளுக்குச் சட்டவலு அளிக்க முற்பட்டது.

பிற்காலப் புனரமைப்புகளில் கட்டு, மதகு, கொள்ளளவு ஆகியவையே பெரிதும் முதன்மை பெற்றன. கொள்ளளவைப் பெருக்க மிகைநீர் வழியும் மட்டத்தை உயர்த்தியபோது, நீர் மேற்புறமாகப் பரந்து மரச்செறிவை மூழ்கடித்தது. பரப்பு விரிந்ததால் ஆவியிழப்பும் மிகுந்தது. நீரைப் பெருக்கும் முயற்சியே நீரிழப்புக்கும் வழிவகுத்தது. கட்டகடுவ நிலங்கள் பல இடங்களில் வயல்களாக மாறியதால் உப்பைத் தடுக்கும் அரணும் அற்றுப்போனது.

முடிவுரை

பழைய பராமரிப்பு கட்டாய உழைப்பையும் உள்ளடக்கியிருந்தது. அதனை மீட்பது ஏற்புடையதன்று. அவ்வுழைப்பு பேணிய மரச்செறிவையும் புல்வெளியையும் இன்று யார் பொறுப்பில் விடுவது என்பதே தீர்க்கப்பட வேண்டிய வினா. வயலுக்கு நீர் பகிரும் பொறுப்பு வகுக்கப்பட்டிருப்பதுபோல, இவ்வுறுப்புகளின் எல்லையும் பொறுப்பும் வகுக்கப்பட்டாலன்றிக் குளம் மீண்டதாகக் கொள்ள இயலாது.