சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை: குடல் திசுவா, உயிரிப்பொருள் ஒட்டா?

சுருங்கிப்போன சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையில், நோயாளியின் சொந்தக் குடல் பகுதியே இன்றளவும் முதன்மையான ஒட்டாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் உயிரிப்பொருள் ஒட்டுகள் குறித்துப் பல ஆண்டுகளாகப் பெரும் எதிர்பார்ப்பு நிலவிவந்தாலும், அவை வழக்கமான சிகிச்சையாக மாறவில்லை. அதற்கான காரணங்களையும் இரு முறைகளின் நிறை குறைகளையும் பார்க்கலாம்.

யாருக்குத் தேவைப்படுகிறது?

வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை சிறுநீரைக் குறைந்த அழுத்தத்தில் தேக்கி வைக்கும். பிறவியிலேயே முதுகுத்தண்டு முழுமையாக மூடாத ஸ்பைனா பிஃபிடா குறைபாடு, தண்டுவடக் காயம் ஆகியவற்றால் நரம்புக் கட்டுப்பாடு பாதிக்கப்படும்போது, சிறுநீர்ப்பையின் தசை இறுகி உள்ளே அழுத்தம் உயரும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் வாழும் இந்தியாவில், சிறுநீர் மண்டலக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இந்நோய் முற்றிய நிலையில் சிறுநீர்ப்பை விரல்நுனி உறை அளவுக்குச் சுருங்கிவிடக்கூடும்.

அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டி நீடித்தால் சிறுநீரகங்கள் பாதிக்கப்படும் ஆபத்து அதிகம். எனவே, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லையைக் குறைப்பதுடன், சிறுநீரகங்களைக் காப்பதும் இந்தச் சிகிச்சையின் நோக்கமாகும். மருந்துகள், சிறுநீர்ப்பைத் தசையில் செலுத்தப்படும் போட்டுலினம் ஊசி ஆகியவை பலன் தராதபோதே அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது.

குடல் ஒட்டு எவ்வாறு செயல்படுகிறது?

குடலைக் கொண்டு சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் முயற்சி 1888-இல் இத்தாலியில் நாய்களிடம் சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மனிதரிடம் மேற்கொள்ளப்பட்டது. தற்போது இலியம் எனப்படும் சிறுகுடலின் கடைசிப் பகுதியே அதிகம் பயன்படுகிறது. அதில் ஒரு துண்டு, அதற்குரிய ரத்தநாளங்கள் அறுபடாமல் பிரிக்கப்படுகிறது. குழாய் வடிவில் அப்படியே இணைத்தால் குடல் தன் இயல்பின்படி சுருங்கி அழுத்தத்தை உண்டாக்கும். ஆகவே அதை நீளவாக்கில் பிளந்து, கிண்ணம் போல மடித்துத் தைத்து, திறக்கப்பட்ட சிறுநீர்ப்பையின் மேல் பொருத்துகின்றனர்.

இம்முறையின் பெரும் பலம் ரத்த ஓட்டம். ஒட்டு உயிருள்ள திசுவாகவே வந்து சேர்வதால் சுருங்காமல் நிலைக்கிறது. ஆனால், உணவுச் சத்தை உறிஞ்சுவதற்கென அமைந்த குடலின் உட்சவ்வு, சிறுநீரில் உள்ள கழிவு உப்புகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. இதனால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடலாம். சளி சுரத்தல், கற்கள், தொற்று, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் ஏற்படலாம். மிக அரிதாக, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உருவாகக்கூடும்.

இரைப்பைத் திசுவில் அமில உறிஞ்சல் குறைவு. எனினும் அது சுரக்கும் அமிலத்தால் எரிச்சலும் சிறுநீரில் ரத்தமும் ஏற்படலாம். விரிந்த சிறுநீர்க் குழாய்த் திசு இவ்விரண்டையும்விட ஏற்றது. அதன் உட்சவ்வு சிறுநீர்ப்பையினுடையதை ஒத்தது. ஆயினும், செயலிழந்த சிறுநீரகத்துடன் இணைந்து பெரிதும் விரிந்த குழாய் உள்ள சிலருக்கு மட்டுமே இது சாத்தியம்.

உயிரிப்பொருள் ஒட்டுகளின் நிலை

குடலின் குறைகளைத் தவிர்க்கவே மாற்றுப் பொருட்கள் தேடப்பட்டன. பிளாஸ்டிக், டெஃப்லான், சிலிகான் போன்றவை கற்கள், தொற்று, கசிவு ஆகியவற்றால் கைவிடப்பட்டன. பின்னர், பன்றிக் குடலிலிருந்து செல்களை நீக்கி எடுக்கப்படும் கொலாஜன் படலம் சோதிக்கப்பட்டது. விலங்குகளில் நம்பிக்கையளித்த இது, நோயுற்ற மனிதச் சிறுநீர்ப்பையில் அதே அளவு சீரான பலனைத் தரவில்லை.

அமெரிக்காவில் மருத்துவர் ஆண்டனி அட்டாலா குழுவினர், ஸ்பைனா பிஃபிடா பாதித்த 7 பேரின் சொந்தச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, மக்கும் சட்டகத்தில் வளர்த்துப் பொருத்தியதை 2006-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இது உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆனால், இதையொத்த முறையில் 10 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில், சிறுநீர்ப்பையின் கொள்ளளவிலோ விரிதன்மையிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. 4 பேருக்குக் குடல் அடைப்பு, சிறுநீர்ப்பைக் கிழிவு போன்ற கடும் பாதிப்புகள் நேரிட்டன.

இடர்ப்பாட்டின் வேர் ரத்த ஓட்டத்தில்தான் உள்ளது. ஆய்வக ஒட்டு சொந்த ரத்தநாளங்கள் இன்றி வருகிறது. புதிய நாளங்கள் வளர்ந்து சேரும் முன் செல்கள் ஆக்சிஜன் இன்றி மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு உருவாகி ஒட்டு சுருங்குகிறது. ஆரோக்கியமான விலங்கின் சிறுநீர்ப்பை இதைச் சமாளித்துவிடும். தழும்பேறிய நோயாளியின் சிறுநீர்ப்பையால் இயல்வதில்லை.

நோயாளிகள் அறிய வேண்டியவை

எந்த ஒட்டாயினும் அது சிறுநீரைத் தேக்குமே தவிர, இயல்பான தசைபோலச் சுருங்கி வெளியேற்றாது. ஆகவே பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் பலமுறை கதீட்டர் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். இதற்கு நோயாளியோ குடும்பத்தினரோ தயாராக இல்லையெனில் அறுவை சிகிச்சை பொருத்தமாகாது. சளியை அகற்றச் சிறுநீர்ப்பையைக் கழுவுதலும், ரத்தப் பரிசோதனை மற்றும் ஸ்கேன் மூலமான தொடர் கண்காணிப்பும் அவசியம்.

சிறுநீரை நீண்டநேரம் வெளியேற்றாவிட்டால் ஒட்டுப் பகுதி கிழியும் அபாயம் உண்டு. உணர்வு குறைந்த ஸ்பைனா பிஃபிடா நோயாளிகளுக்கு வலி தெரியாமலும் போகலாம். வயிற்று உப்புசம், வாந்தி, காய்ச்சல் காணப்பட்டால் உடனடியாக மருத்துவமனையை அணுகி, முன்பு இத்தகைய அறுவை சிகிச்சை நடந்துள்ளதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.