சந்திரனும் சூறாவளியும்

1868 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த சாக்ஸ்பி என்பார் இலண்டன் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள் சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும்; பூமத்திய ரேகைக்கு நேரே நிற்கும்; அன்றே அமாவாசையும் கூடும். ஆதலாற் கடல் பொங்கும், பெரும்புயல் எழும் என்பது அவருடைய எச்சரிக்கை. எந்த நாட்டில் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எதிர்காலம் உரைப்போருக்கு இது வசதியான மௌனந்தான்!

ஆயினும் 1869 ஒக்டோபர் 4 ஆம் நாள் இரவு, கனடாவின் ஃபண்டி விரிகுடாவைச் சூறாவளியொன்று தாக்கியது. உலகிலேயே கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிதாயுள்ள இடம் அது. பெருக்கு உயர்ந்த வேளையிற் காற்றும் கடலைக் கரைநோக்கித் தள்ளவே, நியூ பிரன்ஸ்விக்கின் தாழ்நிலங்களைக் காத்துநின்ற அணைகளை மேவி நீர் பாய்ந்தது. கால்நடைகள் மூழ்கி மாண்டன. அப்புயலுக்கு இன்றும் சாக்ஸ்பியின் பெயரே வழங்குகிறது.

அப்படியாயின் புயலைச் சந்திரன்தான் ஈன்றதா? காற்றுமண்டலத்திலும் சந்திரனால் ஏற்றவற்றம் உண்டென்பது மெய். செயின்ற் ஹெலினாத் தீவின் பாரமானிக் கணக்குகளைக் கொண்டு எட்வேர்ட் சபைன் அதனை 1847 இல் எடுத்துக் காட்டினார். ஆனால் அதன் அளவு ஒரு மில்லிபாரிற் பத்திலொரு பங்கும் தேறாது. சூறாவளியின் நடுவிலோ அமுக்கம் பல பத்து மில்லிபார் தாழ்ந்துவிடுகிறது. 1972 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அத்திலாந்திக், வடமேற்குப் பசிபிக் கடல்களின் 78 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தனர். அமாவாசை, பூரணையை ஒட்டிப் பிறந்த சூறாவளிகள், அட்டமியை ஒட்டிப் பிறந்தவற்றிலும் ஏறத்தாழ 20 வீதம் மிகுதி எனக் கண்டனர். சூறாவளியாய் முதிராத அத்திலாந்திக் புயல்களோ அட்டமியையே நாடின! இக்கணக்கை நம்பி எந்த மீனவனும் வள்ளத்தைக் கரையேற்ற மாட்டான்.

வங்கக் கரையிற் கதை வேறு. 1876 ஒக்டோபர் 31 இரவு பாக்கர்கஞ்ச் அழிந்தது, மறுநாள் பூரணை. 1970 நவம்பர் 12 இரவு போலாத் தீவும் அயற்கரைகளும் மூழ்கின, மறுநாள் பூரணை. 1991 ஏப்ரல் 29 இரவு சிற்றகொங் கரை அழிந்தது; முதல்நாள் பூரணை. புயல் எந்நாளிலும் வரக்கூடியதே. ஆனால் பூரணைப் பெருக்கினால் முன்னரே உயர்ந்து நின்ற கடலின்மீது அதன் அலை ஏறி வந்தது. 1970 இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர்.

நமது கரைகளிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடும் இல்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது பூரணை கழிந்து ஒன்பது நாளாகியிருந்தது. தேய்பிறை அட்டமியை ஒட்டிய இரவு. சந்திரனின் துணையின்றியே அது ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டு போயிற்று.