விவசாயிகள் குழுவாகப் பேச கான்பரன்ஸ் கால்: அமைப்பது, இணைவது எப்படி? திருப்பூர் மாவட்ட விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர் மாவட்டத்தில் உடுமலை, மடத்துக்குளத்தில் தென்னை, பொங்கலூர், குடிமங்கலத்தில் சின்ன வெங்காயம், மூலனூர், வெள்ளக்கோவிலில் முருங்கை, பல்லடத்தில் கறிக்கோழி என்று பகுதிக்கு ஒரு தொழில் நடக்கிறது. ஒரே பயிர் செய்யும் விவசாயிகள்கூட வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். பல வீடுகளில் கணவன் தோட்டத்திலும் மனைவியோ பிள்ளைகளோ பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிறார்கள். அனைவரையும் ஓரிடத்தில் கூட்டிப் பேசுவது எளிதல்ல. இந்தச் சிக்கலுக்குக் குழு அழைப்பு, அதாவது கான்பரன்ஸ் கால், செலவு குறைந்த தீர்வு.

இது விவசாயத்துக்குப் புதிதல்ல. 2004 ஜனவரி 21-ல் தொடங்கப்பட்ட கிசான் கால் சென்டரிலேயே இந்த முறை உள்ளது. போனை எடுக்கும் ஆலோசகரால் பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால், மேல்நிலை வல்லுநரை அதே அழைப்பில் இணைத்து மூவரும் பேசுகிறார்கள். அதே ஆண்டு இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் கிராம வள மையங்களைத் தொடங்கி, செயற்கைக்கோள் வழியாக விவசாயிகளையும் மீனவர்களையும் வல்லுநர்களுடன் பேச வைத்தன. அன்று டிஷ் ஆன்டெனா வைத்துச் செய்ததை இன்று சட்டைப் பையில் இருக்கும் போனிலேயே செய்யலாம்.

எந்த முறையைத் தேர்வு செய்வது?

எத்தனை பேர் பேசப் போகிறார்கள், எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறதா, எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்ற மூன்றையும் பார்த்து முடிவு செய்யவும்.

• ஐந்து பேர் வரை, பட்டன் போன் வைத்திருப்பவரும் உண்டு: சாதாரண போன் கான்பரன்ஸ்.
• 32 பேர் வரை, எல்லோரிடமும் வாட்ஸ்அப் உண்டு: வாட்ஸ்அப் குழு அழைப்பு.
• 100 பேர் வரை, ஒரு மணி நேரத்துக்குள்: கூகுள் மீட் அல்லது மைக்ரோசாப்ட் டீம்ஸ் இலவசப் பதிப்பு. இரண்டிலும் குழுக் கூட்டத்துக்கு 60 நிமிட வரம்பு உண்டு.
• 100 பேர் வரை, 40 நிமிடத்துக்குள்: ஜூம் இலவசப் பதிப்பு.

முன்பு பலர் பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதத்துடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய ஸ்கைப் லிங்க் அனுப்பி யாரையும் காத்திருக்க வைக்க வேண்டாம்.

1. சாதாரண போன் கான்பரன்ஸ்

இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. முதல் நபரை அழைத்து, அவர் எடுத்ததும் 'ஆட் கால்' அழுத்தி இரண்டாவது நபரை அழைக்கவும். அவரும் எடுத்த பின் 'மெர்ஜ்' அழுத்தினால் மூவரும் பேசலாம். இப்படி ஒவ்வொருவராகச் சேர்க்கவும். பொதுவாக ஐந்து பேர் வரை சேர்க்க முடியும். அழைப்பவரின் போனில் கான்பரன்ஸ் வசதி இருந்தால் போதும். மற்றவர்கள் பட்டன் போனிலேயே பேசலாம். அழைப்பவர் போனை வைத்துவிட்டால் அழைப்பு முழுவதும் துண்டிக்கப்படலாம். அதனால் நல்ல சிக்னலும் சார்ஜும் உள்ளவர் அழைக்க வேண்டும்.

வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் முறை பற்றி பி.ஏ.பி. பாசன விவசாயிகள் நாலைந்து பேர் அவசரமாகப் பேச இதுவே போதும்.

2. வாட்ஸ்அப் குழு அழைப்பு

பெரும்பாலான விவசாயிகளுக்கு ஏற்ற முறை இது. 'கால்ஸ்' பகுதிக்குச் சென்று புதிய கால் லிங்க் ஒன்றை உருவாக்கவும். வாய்ஸ், வீடியோ இரண்டில் வாய்ஸைத் தேர்வு செய்யவும். அந்த லிங்க்கை, நாள், நேரம், பேசும் பொருள் ஆகியவற்றுடன் குழுவில் பதிவிடவும். நேரம் வந்ததும் ஒவ்வொருவரும் லிங்க்கைத் தொட்டு உள்ளே வரலாம். எல்லோருக்கும் மணி அடித்து, சிலர் எடுக்காமல், திரும்பத் திரும்ப அழைக்கும் தொல்லை இதில் இல்லை.

3. கூகுள் மீட்

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் மீட் செயலி ஏற்கெனவே இருக்கும். ஜிமெயில் கணக்கும் பெரும்பாலும் இருக்கும். செயலியைத் திறந்து புதிய மீட்டிங் என்பதைத் தொட்டு, பகிர்வதற்கான லிங்க்கை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும். லிங்க்கின் கடைசியில் மூன்று, நான்கு, மூன்று என்று பத்து ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதுதான் மீட்டிங் குறியீடு. லிங்க் திறக்காதவர் செயலியில் இந்தக் குறியீட்டைத் தட்டியும் சேரலாம். யாராவது அனுமதி கேட்டால் நடத்துபவரின் திரையில் பெயர் தெரியும். தெரிந்த பெயரை மட்டும் உள்ளே விடவும்.

4. ஜூம், டீம்ஸ்

ஜூமில் மீட்டிங் எண்ணும் பாஸ்கோடும் இருக்கும். சேருபவருக்குக் கணக்கு தேவையில்லை. செயலி இருந்தால் போதும். பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு பையர்களுடன் பேசி டீம்ஸ் பழக்கமாக இருக்கலாம். அவர்கள் உதவியுடன் டீம்ஸில் கூட்டம் அமைக்கலாம். ஆனால் கம்பெனி கொடுத்த கணக்கைப் பயன்படுத்தாமல் சொந்தக் கணக்கில் அமைக்கவும். ஜூமில் 'வெயிட்டிங் ரூம்', டீம்ஸில் 'லாபி' என்ற காத்திருப்பு இடம் உண்டு. அங்கேயே நிற்க நேர்ந்தால் போனை அணைத்துவிட வேண்டாம். நடத்துபவர் அனுமதித்ததும் உள்ளே போகலாம்.

செயலிகள் புதுப்பிக்கப்படும்போது பட்டன்களின் இடம் மாறும். மேலே சொன்ன பெயர்களை வைத்துத் தேடவும்.

நேரம் குறிப்பது

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் இரவு எட்டரை மணிக்குத்தான் வேலை முடித்துக் கிளம்புவார். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் அந்த வீட்டுப் பெண்கள் கலந்துகொள்ள முடியாது. கால்நடை, மருந்து அடிப்பு, வரவு செலவு என்று பல வேலைகளைப் பார்ப்பவர்கள் அவர்களே. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி அரை மணி நேரத்தில் முடிப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலும் வைக்கலாம்.

வேளாண் வானிலை அறிவிக்கை வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வெளியாகிறது. 'மேக்தூத்' செயலியிலும் பார்க்கலாம். அந்த நாட்களின் இரவில் பேசினால் மருந்தடிப்பு, உரமிடுதல், அறுவடை ஆகியவற்றை மழைக்கு ஏற்றபடி முடிவு செய்யலாம்.

அழைப்பில் இணையும்போது

• பேசாதபோது மைக்கை மியூட் செய்யவும். மோட்டார் சத்தம், டிவி சத்தம் எல்லோருக்கும் கேட்கும்.
• ஒரே அறையில் இரண்டு போன்கள் இணைந்தால் எதிரொலி வரும். ஒன்றில் மட்டும் ஸ்பீக்கர் போட்டுக் கேட்கவும்.
• திரையில் வெறும் போன் மாடல் பெயர் தெரிந்தால் யார் என்று தெரியாது. பெயருடன் ஊரையும் சேர்த்து வைக்கவும்.
• வீடியோவை அணைத்தே வைக்கவும். ஒரு மணி நேர வீடியோவுக்குப் பெரும்பாலும் அரை ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். வாய்ஸுக்கு அதில் சிறு பங்குதான் ஆகும்.
• சிக்னல் குறைவான தோட்டத்துச் சாளையில் இருந்தால் வெட்டவெளிக்கு வந்து பேசவும்.

பூச்சி, நோய் பற்றிப் பேசும்போது

இரவு நேர வீடியோவில் இலையைக் காட்டினால் எந்த வல்லுநராலும் சரியாகச் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் மூன்று படங்கள் எடுத்து முன்கூட்டியே அனுப்பவும்: முழுச் செடி அல்லது மரம், பாதித்த இலையின் மேற்புறம், அதே இலையின் அடிப்புறம். பயிரின் வயது, ரகம், கடைசியாக அடித்த மருந்து, அடித்த தேதி ஆகியவற்றையும் எழுதவும்.

அடிப்புறப் படம் ஏன் முக்கியம் என்பதற்குத் தென்னை ருகோஸ் சுருள் வெள்ளை ஈ நல்ல உதாரணம். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டு உடுமலைத் தோப்புகளுக்கும் பரவிய பூச்சி இது. மேலிருந்து பார்த்தால் ஓலையில் கரும்பூசணம் மட்டும் தெரியும். பூசண நோய் என்று நினைத்துவிடுவார்கள். அடிப்புறத்தில்தான் சுருள் சுருளாக முட்டைகளும் வெள்ளை மெழுகும் இருக்கும். இதற்குப் பூச்சிக்கொல்லி அடித்தால் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிகள் அழிந்து நிலைமை மோசமாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, கரும்பூசணம் உதிர லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசைக் கரைசல் தெளிப்பது ஆகியவையே பரிந்துரை.

மருந்து அளவைக் காதில் மட்டும் கேட்காதீர்கள்

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சின்ன வெங்காய விவசாயிகளுடன் நடந்த குழு அழைப்பில், பத்து லிட்டர் டேங்குக்கு 20 மில்லி என்று ஒரு மருந்தின் அளவைச் சொன்னேன். இடையில் லைன் விட்டு வந்தது. நான் கவனிக்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து ஒருவர் போன் செய்தார். "சார், லிட்டருக்கு இருபதுனு தானுங்க சொன்னீங்க?" என்றார். பத்து மடங்கு அளவு. அரை ஏக்கர் வெங்காயத் தாள் நுனி கருகிவிட்டது. தவறு அவருடையது அல்ல. அளவைத் திரும்பச் சொல்லச் சொல்லாதது என் தவறு.

அன்றிலிருந்து மூன்று விதிகளைக் கடைப்பிடிக்கிறேன். எல்லாக் குழுக்களும் பின்பற்றலாம்.

• அளவை எப்போதும் 'ஒரு லிட்டர் தண்ணீருக்கு' என்றே சொல்ல வேண்டும். டேங்க் கணக்கு வேண்டாம்.
• கேட்டவர் அளவைத் திரும்பச் சொல்ல வேண்டும்.
• அழைப்பு முடிந்த உடனே மருந்தின் பெயர், அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றை எழுத்தில் குழுவில் பதிவிட வேண்டும். எழுத்தில் வராத அளவை அடிக்கக் கூடாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது

கம்பெனியாகப் பதிவு செய்த உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 173 வீடியோ மூலம் இயக்குநர்கள் கலந்துகொள்ள அனுமதிக்கிறது. ஆனால் முகம் தெரியாத வெறும் போன் கான்பரன்ஸ் இதில் சேராது. போனில் பேசி எடுத்த முடிவை 'போர்டு தீர்மானம்' என்று மினிட்ஸில் எழுதினால் பின்னர் வங்கிக் கடன், தணிக்கை ஆகியவற்றில் சிக்கல் வரும். வீடியோ கூட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு இயக்குநரும் தன் பெயர், இருக்கும் இடம், நிகழ்ச்சி நிரல் கிடைத்தது, வேறு யாரும் உடன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பதிவு செய்து அந்த ஆண்டின் தணிக்கை முடியும் வரை வைத்திருக்க வேண்டும். வரைவு மினிட்ஸை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். கூகுள் மீட் இலவசப் பதிப்பில் ரெக்கார்டிங் கிடையாது. ஜூம் இலவசப் பதிப்பில் கம்ப்யூட்டரிலிருந்து நடத்தினால் ரெக்கார்டு செய்யலாம். முதல் கூட்டத்துக்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும்.

மோசடியில் சிக்காமல் இருக்க

மானியம், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் தவணை என்று சொல்லித் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தால் எடுக்க வேண்டாம். 'ஸ்கிரீன் ஷேர்' செய்யச் சொன்னால் உடனே துண்டிக்கவும். திரையைப் பகிர்ந்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எதிரில் இருப்பவருக்கும் தெரியும். 'மெர்ஜ் செய்யுங்கள்' என்று சொல்லி இன்னொரு அழைப்பை இணைக்கச் சொல்வதும் மோசடிதான். அந்த இன்னொரு அழைப்பு ஓ.டி.பி. சொல்லும் அழைப்பாக இருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்கவும்.

பயிர் தொடர்பான சந்தேகங்களுக்குக் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தினமும் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் தொடர்புகொள்ளலாம். பத்துப் பேருக்கு மேல் ஒரே பயிர் செய்யும் விவசாயிகள் சேர்ந்தால், பொங்கலூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ அணுகி, வல்லுநர் ஒருவரை உங்கள் குழு அழைப்பில் சேரக் கேட்கலாம். கேள்விகளையும் படங்களையும் ஒரு நாள் முன்பே அனுப்பிவிட்டால் அரை மணி நேரம் போதும்.