பிறந்த நாளைப் பொறித்த ஓலை

சாதகம் வருங்காலம் பார்க்கும் ஏடாகவே இன்று அறியப்பட்டாலும், பிறப்புப் பதிவேடு பரவாத காலத்தில், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் பிறந்த நாளுக்கென்றே எழுதிவைக்கப்பட்ட ஆவணம் அது ஒன்றுதான். பாடம் செய்த பனையோலையில், அதாவது பக்குவப்படுத்தி உலர்த்திய ஓலையில், எழுத்தாணியால் கீறப்பட்ட சாதகம், வடமொழி வாழ்த்துச் செய்யுளோடு தொடங்கி, கலியுக ஆண்டு, சாலிவாகன சக ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் ஆண்டின் பெயர் ஆகியவற்றைக் கூறி, மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என இறங்கி, சூரிய உதயத்திலிருந்து கழிந்த நேரமாகிய உதயாதி நாழிகையைக் குறிக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை ௵, ௴, ௳ என்னும் குறிகளால் சுருக்கி எழுதினர். தென்கோடி மாவட்டங்களில் கொல்லம் ஆண்டும் சேர்வதுண்டு.

ஒரு நாளை இத்தனை வகையில் சொல்வது வீண் ஆடம்பரம் அன்று. சார்வரி என்று ஆண்டின் பெயரை மட்டும் எழுதினால் அது 1840-41ஆ, 1900-01ஆ என்பது விளங்காது. கலி, சக ஆண்டுகளே அந்த ஐயத்தைத் தீர்க்கும். ஓலை செல்லரித்து அவ்வெண்கள் அழிந்தாலும், பன்னிரண்டு ராசிகளில் கிரகங்கள் நின்ற இடத்தைக் காட்டும் கட்டம் எஞ்சினால் வழி உண்டு. ஆயினும் அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்றையும் சனி இரண்டு சுற்றையும் ஏறத்தாழ முடித்துவிடுவதால், அவ்விரண்டும் பழைய ராசியிலோ அடுத்ததிலோ வந்து நின்று, பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகளில் ஒன்றாகிய ராகுவோ, சுமார் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை பின்னோக்கிச் சுற்றுவதால், அதே அறுபது ஆண்டில் மூன்று ராசி அளவுக்கு விலகியிருக்கும். பலன் கேட்போர் அஞ்சும் ராகுவையே காலம் கணிப்போர் முதலில் தேட வேண்டியிருப்பது விந்தைதான்.

காகிதமும் கடிகாரமும் பரவியபின் ஓலைக்குப் பதில் மூலைகளில் மஞ்சள் தடவிய தாளோ குறிப்பேடோ வந்தது. கடிகார மணியைக் கேட்டு அதை நாழிகையாக மாற்றிக் கணித்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்கூடான கோள் நிலைகளோடு பொருந்தும் பஞ்சாங்கத்தை வலியுறுத்தினார். அவ்வகையான திருக்கணிதத்துக்கும் பழைய வாக்கியக் கணிப்புக்கும் இடையே சந்திரனின் நிலை சற்று வேறுபடுவதால், ஒரே பிறப்புக்கு எழுதப்பட்ட இரு சாதகங்களில் நட்சத்திரமே மாறி அமையக்கூடும். ஆங்கிலத் தேதி இடம்பெற்றபின் ஆண்டைப் பற்றிய குழப்பம் நீங்கியது. ஆனால் எந்தப் பஞ்சாங்கத்தின்படி கணித்தது என்ற குறிப்பு இல்லாத தாளில் நட்சத்திரத்தை அப்படியே சான்றாகக் கொள்ள முடியாது.