ஏரிப்பட்டியும் ஏரி வாரியமும்

திருக்கோயிற் சுவர்கள் வழிபாட்டுச் செய்திகளை மட்டும் தாங்கி நிற்பவையல்ல. நீர்க்கணக்கும் அவற்றில் உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அத்தேர்தலில் ஏரிக்கென்றே அறுவர் கொண்ட வாரியம் ஒன்று அமைந்ததைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமன்று, அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்பெறலாகாது. திருக்கோயில் நிர்வாகத்தினர் ஊன்றிப் படிக்கத்தக்க விதி இது!

ஏரியைப் பேணும் செலவுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? பல்லவர் காலந்தொட்டே 'ஏரிப்பட்டி' என நிலம் வரி நீக்கி ஒதுக்கப்பெற்றது. அதன் வருவாய் தூர் வாரவும், கரை உயர்த்தவும், மதகு பழுது பார்க்கவும் பயன்பட்டது. பொன் வழங்கிய அன்பர்களும் உளர். அதன் வட்டியில் வண்டல் அகற்றப்பெற்றது. அரசு விட்டுக்கொடுத்த வரி, நீரைக் காக்கும் பணிக்கே சென்றது.

தமிழகத்தில் 1984இல் சிறு உழவர்க்கும், பின்னர் அனைத்து உழவர்க்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. ஏழை உழவர்க்கு அது பேருதவியே. ஆயினும் அம்மானியம் நீரை இறைப்பதற்கன்றிச் சேமிப்பதற்குச் செல்லவில்லை. கிணறுகள் ஆழமாயின, ஏரிகள் பல தூர்ந்தன. 2017இல் தமிழக அரசு ஏரி தூர்வாரும் திட்டத்தைக் 'குடிமராமத்து' என்னும் பழம்பெயராலேயே மீண்டும் தொடங்கிற்று.