எம்பரர் ஏஞ்சல் மீன்

செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழும் மீன். இலங்கைக் கடலிலும் உண்டு. அறிவியல் பெயர் போமகாந்தஸ் இம்பரேட்டர். மீனியல் அறிஞர் பிளாக் இதை 1787இல் விவரித்தார். சுமார் 40 செ.மீ. வரை வளரும். முதிர்ந்த மீனின் நீல உடலில் மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கண்மேல் கருப்புப் பட்டை, வால் மஞ்சள்.

வியப்பு, இதன் குஞ்சில்தான். கருநீல உடலில் வெண்ணிற வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, வால் நோக்கிச் சுருங்கும். பெற்றோருடன் சற்றும் ஒப்பாத இந்தக் கோலத்தால், முற்கால அறிஞர்கள் குஞ்சை நிக்கோபார் தீவுகளின் பெயரிட்டுத் தனி இனமாகவே பதிந்தனர். வளர வளர வளையங்கள் மறைந்து கோடுகள் தோன்றும்.

குஞ்சுகள் பாறை விளிம்புகளின் அடியிலும் பொந்துகளிலும் ஒதுங்கும். பெரியவை பவளம் செழித்த சரிவுகளிலும் குகைகளருகிலும் திரியும். முதன்மை உணவு கடற்பஞ்சு.